போர்த்துக்கீசிய நாணயங்கள்: எங்கிருந்து தொடங்குவது, இந்தத் தங்கக் காசை வாங்கலாமா?

கோவை_காசுப்பெட்டி

வணக்கம் நண்பர்களே. இதுவரை சமஸ்தானக் காசுகளும் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களும்தான் சேர்த்து வந்தேன். போன மாதம் ஒரு நாணயக் கண்காட்சியில் ஒரு பெரியவர் தன் சேகரிப்பைக் கலைத்து விற்றுக்கொண்டிருந்தார். அதில் போர்த்துக்கல் காசுகள் ஒரு சின்ன டப்பாவில் மொத்தமாகக் கிடந்தன, விலையும் கட்டுப்படியானதால் அப்படியே வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்க்கப் பார்க்க ஆர்வம் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் இந்த நாட்டின் காசுகள் பற்றி எனக்கு அடிப்படையே தெரியாது.

டப்பாவில் இருப்பவை: 1898 என்று போட்ட 500 ரெய்ஸ் வெள்ளிக் காசு, அதில் ராஜாவும் ராணியும் ஒருவர் பின்னால் ஒருவராக. ஒரு செம்புக் காசு, நடுவில் ரோமன் எண்ணில் பத்து, சுற்றிலும் இலை வளையம். வருடத்தில் 17 மட்டும்தான் தெரிகிறது, மீதி தேய்ந்துவிட்டது, மறுபக்கம் 'ஜோசெஃபஸ்' என்று படிக்க முடிகிறது. தடித்த, கனமான வெண்கலக் காசு ஒன்று, 40 என்று எண், தலையில் இலைக்கிரீடம் வைத்த ஆள், பெயர் 'ஜோன்னஸ்' என்று தொடங்குகிறது. 'இந்தியா போர்த்துகேஸா' என்று எழுதிய 1882 ரூபியா. அப்புறம் இருபதாம் நூற்றாண்டு எஸ்குடோக்கள் ஒரு கைப்பிடி, சிலவற்றில் பாய்மரக் கப்பல். இவற்றில் 2-க்கும் 50-க்கும் நடுவே டாலர் குறி போட்டிருப்பது ஏன் என்றும் புரியவில்லை.

கேள்விகள் மூன்று. ஒன்று, இதை எப்படிச் சேர்ப்பது? அரசர் வாரியாகவா, மதிப்பு வாரியாகவா? இரண்டு, செம்புக் காசுகள் கருத்துப்போயிருக்கின்றன, புளி போட்டுத் தேய்க்கலாமா? மூன்றாவதுதான் அவசரம். அதே பெரியவரிடம் ஒரு தங்கக் காசும் இருக்கிறது, 1771, அரசரின் மார்பளவு உருவம், கீழே வருடத்தோடு 'ஆர்' என்ற எழுத்து. மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்து எடுத்த தடம் தெரிகிறது. தங்க விலைக்கு மேல் கொஞ்சம்தான் கேட்கிறார். இரண்டு வாரம் எனக்காக எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். வாங்கலாமா?

லிஸ்பன்வாசி

வாழ்த்துகள், அந்த டப்பாவில் நல்ல சரக்கு இருக்கிறது. முதலில் உங்களிடம் இருப்பதைப் பார்ப்போம், தங்கத்துக்கு அப்புறம் வருகிறேன்.

'ஜோசெஃபஸ்' என்பது அரசர் முதலாம் ஜோஸே, 1750 முதல் 1777 வரை ஆண்டவர். ஆகவே வருடம் தேய்ந்திருந்தாலும் காசு அந்த 27 வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது. மிஞ்சிய எண்களைக் கண்டுபிடிக்க நேர் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், இருட்டு அறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துக் காசை மெல்லச் சுற்றிப் பாருங்கள், சில சமயம் ஒரு எண்ணின் நிழல் எழும்பும். 1755 நவம்பர் 1-ம் தேதி லிஸ்பனை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீயும் சேர்ந்து அழித்தது இவர் காலத்தில்தான். ஆற்றங்கரை அரண்மனையே போய்விட்டது. நாணயச்சாலைக் கட்டடம் மட்டும் தப்பியது, ஒரு இளம் படை அதிகாரி சில வீரர்களோடு நின்று தீயிலிருந்தும் கொள்ளையிலிருந்தும் அங்கிருந்த தங்கத்தைக் காத்தார் என்று இங்கே இன்றும் சொல்வார்கள். உங்கள் பத்து ரெய்ஸ் அந்த வருடத்துக்கு முன்னதா பின்னதா என்பது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள், எனக்கு அந்தத் தேதிதான் இந்த அரசரின் காசுகளை இரண்டாகப் பிரிக்கிறது.

40 போட்ட கனமான வெண்கலம் 'பட்டாக்கோ'. 1811-ல் வந்தது. அதில் லத்தீனில் 'ஜோன்னஸ்' என்று இருக்கும் ஜோவாவ் அப்போது லிஸ்பனில் இல்லை என்பதுதான் விசேஷம். நெப்போலியனின் படை எல்லையைத் தாண்டியதும் 1807 நவம்பர் கடைசியில் அரச குடும்பம், அமைச்சர்கள், பணியாளர்கள் என்று மொத்த அரசவையும் கப்பலேறி பிரேசிலுக்குப் போய்விட்டது. ரியோவிலிருந்து ஒரு ஐரோப்பிய நாடு ஆளப்பட்டது. அந்தக் காலத்தில், சண்டை நடந்துகொண்டிருந்த நாட்டில், ஊரில் இல்லாத ஆட்சியாளரின் முகத்தோடு ஜனங்கள் கையில் புழங்கிய காசு இது. பின்பக்கம் லத்தீனில் 'பொதுப் பயனுக்கு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், பாருங்கள்.

இனி எப்படிச் சேர்ப்பது. என் அபிப்பிராயம் இதுதான்: எல்லா அரசரிலும் ஒன்று என்று போகாதீர்கள். அது முடியவும் முடியாது. முதலாம் சாஞ்சோ காலத்து மொராபிடினோ, குதிரைமேல் வாளோடு அரசர் இருக்கும் தங்கக் காசு, 1200-ஐ ஒட்டியது. முதலாம் மனுவேல் காலத்து 'போர்த்துகேஸ்', 1499-ல் தொடங்கியது, க்ருஸாடோ என்ற தங்கக் காசு பத்தின் மதிப்பு, 35 கிராம் தங்கம். இதெல்லாம் ஏலக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை, நாம் பார்த்துவிட்டு வரலாம். அதைவிட ஒரு குறுகிய காலத்தை எடுத்து, அந்தக் காலத்தின் செம்பையும் வெண்கலத்தையும் முழுக்கத் தேடுங்கள். சாதாரண ஜனம் கையில் வைத்திருந்தது அதுதான், அரசியல் மாறும்போது முதலில் மாறுவதும் அதன் எழுத்துத்தான்.

நான் சேர்ப்பது 1807-லிருந்து 1834 வரை. உங்களிடம் ஏற்கெனவே ஒரு பட்டாக்கோ இருப்பதால் நீங்களும் இங்கேயே தொடங்கலாம். வரிசை இப்படிப் போகும். முதலில் ஜோவாவ் அரசப் பிரதிநிதியாக இருந்த காசுகள், ஏனென்றால் அவர் தாய் அரசி முதலாம் மரியா மனநிலை பாதிக்கப்பட்டு உயிரோடு இருந்தார். 1815 டிசம்பரில் பிரேசிலும் ராஜ்யமாக உயர்த்தப்பட்டு 'போர்த்துக்கல், பிரேசில், அல்கார்வ்' என்று கூட்டு ராஜ்யம் ஆனது. சில வருடத்தில் காசிலும் அது வந்துவிடும்: அரசரின் பட்டத்தில் பிரேசில் சேரும், சின்னத்தின் பின்னால் ஒரு வளையக் கோளம் முளைக்கும், அந்தக் காலக் கப்பலோட்டிகள் வைத்திருந்த வான்கோளம். 1822-ல் பிரேசில் விடுதலை அறிவித்தது, 1825-ல்தான் போர்த்துக்கல் அதை ஒப்புக்கொண்டது, அதுவரை காசில் இருந்த பிரேசில் போகவில்லை. நாடு கைவிட்டுப் போனபிறகும் அச்சில் பேர் இருந்த அந்தச் சில வருடக் காசுகளைத் தனியாக ஒரு வரிசையில் வைத்திருக்கிறேன்.

1826-ல் ஜோவாவ் இறந்ததும் மூத்த மகன் பெத்ரோ. அவர் ஏற்கெனவே பிரேசிலின் பேரரசர். சில வாரத்திலேயே போர்த்துக்கல் கிரீடத்தை ஏழு வயது மகள் மரியாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார், ஆனாலும் 1828 வரை அவர் பெயரில் காசு அடித்திருக்கிறார்கள். அந்த வருடம் பெத்ரோவின் தம்பி மிகேல், அண்ணன் மகளை மணந்துகொண்டு அவள் சார்பில் ஆள்வதாக ஏற்பாடாகியிருந்தவர், தானே அரசர் என்று அறிவித்துக்கொண்டார். அதிலிருந்து 1834 வரை உள்நாட்டுப் போர். லிஸ்பனில் மிகேல் பெயரில் பட்டாக்கோ அடிக்கிறார்கள், மரியாவின் கட்சிக்காரர்கள் கையிலோ அசோர்ஸ் தீவுகளில் ஒன்றான தெர்செய்ரா மட்டும்தான் மிச்சம். அங்கே 1829-ல் 80 ரெய்ஸ் காசு ஒன்று வார்த்தார்கள். அடிக்கவில்லை, வார்த்தார்கள். தேவாலய மணிகளை உருக்கி மணலச்சில் ஊற்றிய வெண்கலம். பெயர் 'மலுக்கோ'. கையில் எடுத்தால் மற்றக் காசுகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும். மேற்பரப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக மணல் தடம், எழுத்தின் ஓரங்கள் மழுங்கல், விளிம்பில் அச்சிலிருந்து உடைத்தெடுத்து அராவிய இடம். வார்ப்பு என்பதால் போலியும் நிறைய உண்டு, நம்பிக்கையான ஆளிடம் மட்டும் வாங்குங்கள்.

இந்தக் காலத்துக்கு ஒட்டின வெள்ளி ஒன்றும் சொல்கிறேன், பிரேசிலின் 960 ரெய்ஸ். 1810-லிருந்து ஸ்பானிய எட்டு ரியால் காசுகளை வாங்கி அவற்றின் மேலேயே போர்த்துக்கீசிய அச்சை அடித்துவிட்டார்கள். மலிவாக வாங்கியதை 960 என்று புழங்க விட்டதில் கஜானாவுக்கு லாபம். அடி சரியாக விழாத காசுகளில் கீழே இருந்த ஸ்பானிய அரசரின் மூக்கு, பழைய வருடத்தின் ஒரு எண், மெக்சிகோவா லிமாவா என்று சொல்லும் நாணயச்சாலைக் குறி எல்லாம் எட்டிப் பார்க்கும். அதைத் தேடிப் படிப்பதற்கென்றே இங்கே ஒரு கூட்டம் இருக்கிறது.

சரி, தங்கம். அது ஆறாயிரத்து நானூறு ரெய்ஸ், 'பேஸா' என்பார்கள். 'ஆர்' ரியோ நாணயச்சாலையின் குறி. 1690-களில் பிரேசிலின் மினாஸ் ஜெரைஸில் தங்கம் கிடைத்தது, ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு வரி, அடுத்த நூறு வருடம் போர்த்துக்கலை ஓட்டியது அந்தத் தங்கம்தான். மாஃப்ராவில் பிரம்மாண்ட அரண்மனை மடம் எழுந்ததும் அதில்தான். ஆனால் பெரும்பகுதி துணிக்கும் மற்ற இறக்குமதிக்கும் ஈடாக இங்கிலாந்துக்குப் போய்விட்டது. அதனால்தான் இந்தக் காசு இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும்கூடப் புழங்கியது. 1771 ரியோ அபூர்வமான காசு அல்ல. வளையம் எடுத்த தடம் இருந்தால் சேகரிப்பு மதிப்பு பாதிக்கு மேல் போய்விடும் என்பது என் கணக்கு. தங்க விலைக்கு மட்டும் கொடுத்தால் யோசிக்கலாம், 'மேல் கொஞ்சம்' என்றால் எனக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் பட்டாக்கோ வரிசையையே முடித்துவிடலாம்.

டாலர் குறி கேள்விக்கு: 1910 அக்டோபர் 5-ல் முடியாட்சி போய்க் குடியரசு வந்தது, 1911-ல் ஆயிரம் ரெய்ஸை ஒரு எஸ்குடோ ஆக்கினார்கள். எஸ்குடோவையும் அதன் நூறில் ஒரு பங்கான சென்டாவோவையும் பிரிக்கும் புள்ளிக்குப் பதிலாக அந்தக் குறியைப் போடுவார்கள். உங்களிடம் இருப்பது இரண்டு எஸ்குடோ ஐம்பது சென்டாவோ. கப்பல் போட்டதில் 1932-லிருந்து 1951 வரை வந்தவை வெள்ளி, 65 சதவீதம். ஒரு எஸ்குடோ காசுகளில் 1935 இருக்கிறதா என்று பாருங்கள், அந்த வருடம் மிகக் குறைவாக அடித்தார்கள், இருந்தால் டப்பாவுக்குக் கொடுத்த காசு திரும்பிவிட்டது.

பட்டறை_மணி

தங்கம் பற்றி மட்டும் சொல்கிறேன், நகைப் பட்டறைதான் என் தொழில், பழைய காசு வைத்த ஆரங்கள் நிறைய கை மாறிப் போவதைப் பார்ப்பவன்.

பேஸாவின் எடை 14.34 கிராம், அதாவது ஒன்றேமுக்கால் பவுனுக்குச் சற்று மேல். தரம் 22 கேரட், இன்று நாம் 916 என்று முத்திரை போடுவதேதான். முதலில் எடை போடுங்கள். 14.3-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. குறைந்தால் தேய்மானமா, விளிம்பை அராவிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். கூடினால் வளையத்தை ஒட்டிய பற்றாசு, அதாவது பற்றவைக்க உருக்கி ஊற்றும் உலோகம், மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், பற்றாசு 22 கேரட் இருக்காது, அந்த எடைக்கும் தங்க விலை கொடுக்காதீர்கள்.

அடுத்து தண்ணீர் எடை. தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டு, காசை நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் 17.5-க்கும் 18-க்கும் நடுவே வர வேண்டும். 14.34 கிராம் காசுக்குத் தராசு சுமார் 0.8 காட்டும். 0.9-ஐத் தாண்டினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது, எழுந்து வந்துவிடுங்கள். உரைகல்லில் உரசவோ வெட்டிப் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள், பழங்காசில் ஒரு கீறல் விழுந்தாலும் போனது போனதுதான்.

தடம் இருக்கும் இடத்தை லென்ஸில் பாருங்கள். பற்றவைக்கும்போது சூடு பட்ட இடத்தில் எழுத்துகள் வழுக்கிக் கிடக்கும், நிறமும் மாறியிருக்கும். பிறகு யாராவது அதை அராவி, விளிம்பின் வரிகளைத் திரும்பக் கையால் செதுக்கியிருக்கிறார்களா என்று விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் தெரியும். அப்படி மறைக்க முயன்றிருந்தால் எனக்கு அந்தக் காசே வேண்டாம் என்பேன். தடத்தை மறைக்காமல் விற்கிறார் என்றால் பெரியவர் நேர்மையானவர்தான்.

மட்காவ்_ராசு

லிஸ்பன்வாசி சொன்னது அவருக்குச் சரி, வாரம் இரண்டு நாள் சந்தையில் போய்ப் பொறுக்கலாம். கோயம்புத்தூரில் உட்கார்ந்து மிகேல் பட்டாக்கோவை எங்கே தேடுவது? நான் கோவாவில் வேலை பார்க்கிறேன், என்னைக் கேட்டால் அந்த 1882 ரூபியாவிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர்க் கண்காட்சிகளிலேயே கிடைக்கிற வரிசை அது, வரலாறும் கொஞ்சமும் குறைந்ததல்ல.

உங்களிடம் இருப்பதில் உள்ளவர் அரசர் லூயீஷ். 1878-ல் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்தில் கோவாவின் பணம் பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் அளவுக்கு மாற்றப்பட்டது. அதனால்தான் எடை அதே 11.66 கிராம், வெள்ளித் தரமும் அதே. உங்களிடம் இருக்கிற விக்டோரியா ரூபாயைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவு, முகம் மட்டும் வேறு. 1881, 1882 என்று இரண்டு வருடம்தான் இந்த ரூபியா. ஒரு ரூபியாவுக்கு 16 டங்கா, ஒரு டங்காவுக்கு 60 ரெய்ஸ். அப்புறம் அரசர் கார்லோஸின் 1903, 1904 ரூபியா, குடியரசின் 1912 ரூபியா, 1947-ல் வெள்ளி பாதியாகக் குறைந்து, 1952-ல் வெள்ளியே இல்லாமல் போனது. 1958-ல் ரூபியாவையே எடுத்துவிட்டு எஸ்குடோ கொண்டுவந்தார்கள், ஆறு எஸ்குடோ ஒரு ரூபியா என்று. 'எஸ்டாடோ டா இந்தியா' என்று எழுதிய 1958 முதல் 1961 வரையான சின்னக் காசுகள் மலிவு, பளபளப்பாகவே கிடைக்கும். 1961 டிசம்பர் 19-ல் கோவா விடுதலையானதோடு 451 வருடக் கதை முடிந்தது. ஒரு ஆல்பத்தின் நாலு பக்கத்தில் லூயீஷ் முதல் விடுதலை வரை கொண்டுவந்துவிடலாம், இவ்வளவு கச்சிதமாக முடிகிற வரிசை லிஸ்பன் காசுகளில் ஏது?

பழைய கோவாக் காசுகள் வேறு உலகம். 1510-ல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்கே கோவாவைப் பிடித்ததுமே அங்கே நாணயம் அடிக்கத் தொடங்கிவிட்டார். வளையக் கோளம் போட்ட வெள்ளியும் செம்பும் அப்போதே வந்தவை. பிடித்த நாள் நவம்பர் 25, புனித கத்தரீனாவின் நாள், ஆகவே அவருடைய அடையாளமான சக்கரம் பிற்காலத்துச் சின்னக் காசுகளில் வந்து உட்கார்ந்தது. செம்பு, வெள்ளீயம், ஈயம் என்று எது கிடைத்ததோ அதில் வந்தது பசருக்கோ, சந்தைச் சில்லறை. நம் பக்கத்துத் தொடர்பும் ஒன்று சொல்ல வேண்டும், கோவாவில் அடித்த தங்கக் காசுக்கு 'சாவ் தோமே' என்று பெயர், அதில் நின்றுகொண்டிருப்பவர் புனித தோமையார். மயிலாப்பூரில் அவர் கல்லறை இருந்ததாக நம்பி 1520-களில் போர்த்துக்கீசியர் தோண்டிப் பார்த்து, பக்கத்திலேயே குடியேறிய சாந்தோமின் அதே தோமையார்தான்.

ஆனால் இந்தப் பழைய கோவாக் காசுகளைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டாம். பசருக்கோ என்று சொல்லிக் கடற்கரைக் கடைகளில் தருவதில் எது நிஜம் என்று சொல்வது எனக்கே கடினம், ஈயம் வார்ப்பது யாருக்கும் எளிது.

கொழும்புத்துறையான்

கோவா சொன்னீர்கள், இலங்கையை விட்டுவிட்டீர்களே. போர்த்துக்கேயர் கொழும்பில் அடித்த வெள்ளி டங்காக்கள் இருக்கின்றன, 1640-களில் வருடம் பொறித்தவை. ஒரு பக்கத்தில் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போன ஒரு சட்டம், பிடியோடு, வாட்டுகிற தட்டுப் போல இருக்கும். தெரியாதவர்கள் வேலி என்பார்கள், ஏணி என்பார்கள். அது புனித லோரன்ஸைத் தீயில் வாட்டியதாகச் சொல்லப்படும் இரும்புத் தட்டு. கொழும்புக் கோட்டை நகரின் காவலர் அவர்தான். பக்கங்களில் சிலோனைக் குறிக்கும் எழுத்துகள். மெல்லிய காசு, வட்டம் சரியாக இராது, பாதி எழுத்து வெளியே போய்விடும், ஆனபடியால் தட்டின் கம்பிகளை எண்ணித்தான் பலர் அடையாளம் காண்கிறார்கள்.

அடிக்கப்பட்ட காலத்தைப் பாருங்கள். 1619-ல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்துச் சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அதுவரை இங்கே நந்தியும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் பொறித்த காசு புழங்கிய நாடு. அடுத்த இருபது வருடத்தில் ஒல்லாந்தர் கடலோரக் கோட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1656-ல் கொழும்பு, 1658-ல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும். இந்த டங்காக்கள் அந்த இடைவெளியில் அடித்தவை. சேதுக் காசு ஒன்றையும் இந்தத் தட்டுக் காசு ஒன்றையும் ஒல்லாந்தக் கம்பனியின் செம்புத் துட்டு ஒன்றையும் அடுத்தடுத்து வைத்தால் எங்கள் பட்டினத்துக்கு அந்த நூறு வருடத்தில் நடந்தது அவ்வளவும் அதில் இருக்கிறது. எனக்கு இந்த மூன்றும் போதும், லிஸ்பன் அரசர்களின் தங்கத்தில் மனம் போகவில்லை.

இதே காலத்தில் காசு வடிவமே இல்லாத ஒரு வெள்ளியும் புழங்கியது, லாரின். பாரசீக வளைகுடாப் பக்கத்து லார் பட்டினத்துப் பெயர். தடித்த வெள்ளிக் கம்பியை மடித்துத் தூண்டில் மாதிரி வளைத்தது. கண்டி இராச்சியத்திலும் அதுதான் ஓடியது. போர்த்துக்கேயர் கணக்கிலும் அது இருந்தது, எனவே இந்தத் தலைப்புக்கு வெளியே இல்லை.

கோவை_காசுப்பெட்டி

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எடைகள் போட்டேன். 1898 வெள்ளி 12.4 கிராம். ரூபியா 11.6. எஸ்குடோக்களில் 1935 இல்லை. செம்பில் டார்ச் வைத்துப் பார்த்ததில் மூன்றாவது எண் 7 என்றுதான் தோன்றுகிறது, கடைசி எண் வரவே இல்லை. நிலநடுக்கத்துக்குப் பிந்தியது என்று வைத்துக்கொள்கிறேன்.

தங்கக் காசைப் பெரியவர் வீட்டில் வைத்தே எடை போட்டோம். 13.9 கிராம், தண்ணீரில் 0.79 காட்டியது. ஆக தங்கம் சரி, எடை குறைவு. விளிம்பில் தடத்துக்கு இரண்டு பக்கமும் அராவியிருக்கிறார்கள், ஆனால் வரிகளைத் திரும்பச் செதுக்கவில்லை. புளி கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

லிஸ்பன்வாசி

13.9 என்றால் அராவியதிலும் தேய்மானத்திலும் கிட்டத்தட்ட அரை கிராம் போயிருக்கிறது. உண்மையான காசு, ஊனமான காசு. அந்த எடைக்கான தங்க விலைக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்காதீர்கள், கொடுக்கிறார் என்றால் வாங்கி, மினாஸ் ஜெரைஸ் தங்கத்துக்கு ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், பிற்பாடு லாபத்துக்கு விற்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

1898 காசு 12.5 கிராம் இருக்க வேண்டியது, உங்களுடையது சரி. வாஸ்கோ ட காமா வந்த நானூறாவது வருடத்துக்காக வெளியிட்டது. அதில் இருக்கும் அரசர் கார்லோஸை பத்து வருடம் கழித்து, 1908 பிப்ரவரி 1-ம் தேதி, லிஸ்பன் ஆற்றங்கரைச் சதுக்கத்தில் மூத்த மகனோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்தில் இருக்கும் அரசி அமேலியா அப்போது அதே வண்டியில் இருந்தார். இளைய மகன் மனுவேல் இரண்டரை வருடம் அரசர், அவரோடு முடிந்தது. அவருடைய 1909 இருநூறு ரெய்ஸும் 1910 ஐந்து ரெய்ஸும் விலை அதிகமில்லை, இந்த 1898-க்குப் பக்கத்தில் வைக்கத் தேடுங்கள்.

ராசு சொன்னதை மறுக்க முடியாது, இந்தியாவில் கோவா வரிசைதான் கைக்கெட்டும். ஆனாலும் பட்டாக்கோவை அதற்காக ஓரங்கட்டிவிடாதீர்கள். அதில் ஜோன்னஸுக்கு அப்புறம் எண் ஆறு இருக்கிறதா, பட்டத்தில் பிரேசில் இருக்கிறதா, பின்பக்கச் சின்னத்துக்குப் பின்னால் கோளம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் 1811-ன் பிரதிநிதி காசு அல்ல, அவர் அரசரான பிறகு வந்தது.

புளி கூடவே கூடாது. விபூதி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. அந்தக் கருப்பு 250 வருடம் ஏறிய படலம், செம்பைக் காப்பது அதுதான். தேய்த்தால் வரும் இளஞ்சிவப்பைப் பார்த்ததும் வாங்குகிறவர் விலையைப் பாதியாக்குவார். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போட்டு, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். பச்சையாகப் பிசுபிசுப்பு இருந்தால் அது பழைய பிவிசி உறையிலிருந்து வந்தது, சுத்தமான அசிட்டோனில் முக்கினால் போய்விடும், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பிறகு பிவிசி இல்லாத உறையில் போடுங்கள்.

மட்காவ்_ராசு

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை இந்தியாவிலிருந்து தனியார் வெளியே அனுப்ப முடியாது. இணையத்தில் யாராவது அந்த ரூபியாவுக்கு வெளிநாட்டிலிருந்து நல்ல விலை பேசினால் தபாலில் போட்டுவிடாதீர்கள். 1881 ரூபியா என்னிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். உங்களிடம் கொச்சிக் காசு இருந்தால் சொல்லுங்கள்.

கோவை_காசுப்பெட்டி

கோளம் இருக்கிறது! பிரேசிலும் இருக்கிறது, வருடம் 1824. அப்படியானால் பிரேசில் போன பிறகு அடித்ததுதானே இது. ராசு, கொச்சி இல்லை, திருவிதாங்கூர்ச் சக்கரங்கள் இருக்கின்றன, படம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். தங்கத்தை விட்டுவிட்டேன், பெரியவர் விலையில் இறங்கவில்லை.